'சிட்டகாங்': பதினாலு வயதுப் பையன் கண்ணில் ஒரு புரட்சி

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் சுதந்திர தின விழா என்றால், ஏதாவது ஒரு வகுப்புப் பிள்ளைகள் 'கத்தியின்றி ரத்தமின்றி' பாடாமல் விழா முடியாது. மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் எழுதிய பாட்டு. 1930 ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கக் கிளம்பிய தொண்டர்கள் இதைப் பாடிக்கொண்டுதான் நடந்தார்கள். கொங்கு நாட்டுக்காரர் எழுதிய பாட்டு என்பதால் எங்களுக்கு அதன்மேல் ஒரு தனி உரிமை உண்டு.

அந்த நடை தொடங்கி ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 18 இரவு பத்து மணி வாக்கில், வங்காளத்தின் கிழக்குக் கோடியில் இருந்த சிட்டகாங் துறைமுக ஊரில் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் பட்டாளத்து உடுப்பு மாட்டிக்கொண்டு போலீஸ் ஆயுதக் கிடங்குக்குள் நுழைந்தார்கள். அவர்களில் மீசை முளைக்காத பள்ளிக்கூடப் பையன்களும் இருந்தார்கள். அழைத்துப் போனவர் ஒரு வாத்தியார், சூரிய சென். ஊரே அவரை 'மாஸ்டர்தா', அதாவது வாத்தியார் அண்ணன் என்றுதான் கூப்பிட்டது. இங்கே கத்தியின்றி என்று பாடிக்கொண்டு நடந்த அதே வாரத்தில் அங்கே பையன்கள் துப்பாக்கி தூக்கினார்கள். முதலாவதைப் பாட்டாகப் பாடி வளர்ந்த நாம், இரண்டாவதைக் கேள்விப்படாமலே வளர்ந்துவிட்டோம். பேதபிரத பெயின் இயக்கிய 'சிட்டகாங்' என்ற இந்திப் படத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு அதுதான் முதல் காரணம்.

படம் வெளிவந்தது 2012 அக்டோபர் 12, வெள்ளிக்கிழமை. அதே நாளில்தான் சூர்யாவின் 'மாற்றான்' வந்தது. கோவை, ஈரோடு, திருப்பூரில் அன்றைக்கு வேறு படத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த மாதத்து மின்வெட்டையும் நினைத்துக்கொள்ள வேண்டும். பகல் முழுக்கத் தறி நின்று, பட்டறை நின்று, தொழில் செய்தவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த காலம். வங்காளத்துப் புரட்சியைப் பற்றிய இந்திப் படம் ஒன்று வந்ததும் போனதும் எங்களுக்குத் தெரியாது. நான் அதைப் பல வருடம் கழித்து, ஒரு நண்பர் கொடுத்த பென் டிரைவில்தான் பார்த்தேன்.

வடக்கேயும் படம் பெரிதாகப் பேசப்படவில்லை. ஒரு முக்கியமான காரணம், இதே கதை ஏற்கெனவே வந்திருந்தது. 'லகான்' எடுத்த அசுதோஷ் கோவாரிக்கர் 2010 டிசம்பரில் அபிஷேக் பச்சன், தீபிகா படுகோனேயை வைத்து 'கேலேங் ஹம் ஜீ ஜான் சே' என்ற படத்தைக் கொண்டுவந்தார். அதுவும் சூரிய சென் கதைதான். பெரிய நட்சத்திரங்கள் இருந்தும் அந்தப் படம் ஓடவில்லை. அதே கதையோடு, நட்சத்திரமே இல்லாத ஒரு சின்னப் படம் இரண்டு வருடம் கழித்து வந்தால் யார் தியேட்டர் கொடுப்பார்கள்? 60ஆவது தேசிய விருதுகளில் இதற்கு 3 கிடைத்தன: முதல் படத்துக்கான இயக்குநர் விருது, 'போலோ நா' பாட்டை எழுதிய பிரசூன் ஜோஷிக்கு ஒன்று, அதைப் பாடிய சங்கர் மகாதேவனுக்கு ஒன்று. விருது வந்தபோது படம் தியேட்டரை விட்டுப் போயிருந்தது.

அன்றைக்கு நட்சத்திரமாக இல்லாத அந்த நடிகர்களை இன்றைக்குப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். மாஸ்டர்தாவாக மனோஜ் பாஜ்பாய். 'பேட்ட' படத்தில் நாம் பார்த்த நவாசுதீன் சித்திகி இதில் மாஸ்டர்தாவின் கூட்டாளி நிர்மல் சென். ராஜ்குமார் ராவ், ஜெய்தீப் அஹ்லாவத், விஜய் வர்மா எல்லோரும் இருக்கிறார்கள். இயக்குநர் பெயின் சினிமாக்காரரே அல்ல. அமெரிக்காவில் நாசாவின் ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானியாக இருந்தவர். இன்றைக்கு நம் செல்போன் கேமராவுக்குள் இருக்கிற சென்சார் வகையை உருவாக்கிய குழுவில் அவரும் ஒருவர். அந்த வேலையை விட்டுவிட்டு வந்து எடுத்த முதல் படம் இது.

சரி, அந்த ஏப்ரல் 18 இரவு என்னதான் நடந்தது? படத்தைப் புரிந்துகொள்ள இது தெரிந்திருக்க வேண்டும்.

சூரிய சென்னும் அவருடைய கூட்டாளிகளும் மனதில் வைத்திருந்தது அயர்லாந்தை. 1916இல் டப்ளின் நகரில் ஈஸ்டர் பண்டிகையின்போது நடந்த எழுச்சியைப் படித்துப் படித்து ஊறியவர்கள். தங்கள் படைக்கு 'இந்தியக் குடியரசுப் படை, சிட்டகாங் கிளை' என்று பெயர் வைத்ததும், நாளாகப் பெரிய வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். போட்ட திட்டம் தெளிவானது. ஒரு குழு போலீஸ் ஆயுதக் கிடங்குக்கு. இன்னொரு குழு துணைப்படைக் கிடங்குக்கு. வேறொன்று தந்தி, தொலைபேசி நிலையத்துக்கு. ஒன்று ரயில் பாதையைப் பெயர்க்க. கடைசியாக ஒன்று, வெள்ளைக்கார அதிகாரிகள் கூடுகிற ஐரோப்பிய கிளப்புக்கு. ஊரை வெளியுலகத்திலிருந்து துண்டித்து, சில நாளாவது சுதந்திர ஊராக வைத்துக் காட்ட வேண்டும். நாட்டுக்கு அது ஒரு முன்மாதிரியாக இருக்க வேண்டும். வெள்ளைக்காரனை அடியோடு விரட்டிவிட முடியும் என்று மாஸ்டர்தா நம்பியதாகத் தெரியவில்லை.

திட்டத்தில் பாதி அப்படியே நடந்தது. கிடங்கு இரண்டும் விழுந்தன. கம்பிகள் அறுந்தன. ரயில் நின்றது. ஆனால் கிளப்புக்குப் போனவர்கள் அங்கே ஆளே இல்லாததைப் பார்த்தார்கள். பெரிய வெள்ளிக்கிழமை என்று எல்லோரும் நேரத்தோடு வீட்டுக்குப் போயிருந்தார்கள். எந்தக் காரணத்துக்காக அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்களோ அதே காரணம் அவர்கள் காலை வாரிவிட்டது. அதைவிடப் பெரிய அடி துணைப்படைக் கிடங்கில் விழுந்தது. புத்தம்புதிய ரைபிள்களும் லூயிஸ் எந்திரத் துப்பாக்கிகளும் வரிசையாக இருந்தன, ஆனால் தோட்டா இல்லை. துப்பாக்கி ஓர் இடத்திலும் தோட்டா வேறோர் இடத்திலும் வைப்பது பட்டாளத்து வழக்கம். இது அவர்களுக்குத் தெரியவில்லை. மாதக்கணக்கில் வேவு பார்த்துத் திட்டம் போட்டவர்களுக்கு இந்த ஒன்று தெரியாமல் போனது. கையில் எடுத்தும் பயனில்லாத அந்தத் துப்பாக்கிகளை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது. எடுக்க முடியாததை எரித்துவிட்டு, போலீஸ் கிடங்கில் கிடைத்த பழைய மஸ்கட் துப்பாக்கிகளோடு கிளம்பினார்கள்.

அதற்கு முன்னால் போலீஸ் மைதானத்தில் கொடியேற்றி, மாஸ்டர்தா அணிவகுப்பு மரியாதை ஏற்று, தற்காலிகப் புரட்சி அரசாங்கத்தை அறிவித்தார். பெட்ரோல் ஊற்றித் தீ வைக்கும்போது ஹிமாங்சு சென் என்ற பையன் உடம்பில் தீப் பற்றிக்கொண்டது. அவனைக் காப்பாற்ற கணேஷ் கோஷும் அனந்த் சிங்கும் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஊருக்குள் போனார்கள். போனவர்கள் திரும்பி வந்து பெரும்படையோடு சேரவே முடியவில்லை. திட்டத்தின் மூளையாக இருந்த இரண்டு பேர், தீப்பட்ட ஒரு பையனுக்காகப் பிரிந்து போனார்கள். படை நடத்தத் தெரிந்தவர் இதைத் தவறு என்பார். எனக்கு அந்த இரவிலேயே மனதுக்கு நெருக்கமான இடம் இதுதான்.

துறைமுகத்தில் நின்ற கப்பலின் வயர்லெஸ் மூலம் வெள்ளைக்காரர்கள் கல்கத்தாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டார்கள். மிச்சப் பேர் மலைப்பக்கம் போனார்கள். நாலு நாள் சரியான சாப்பாடு, தண்ணீர் இல்லை. ஏப்ரல் 22 சாயங்காலம் ஜலாலாபாத் குன்றில் பட்டாளம் அவர்களைச் சுற்றிக்கொண்டது. கீழே எந்திரத் துப்பாக்கிகள், மேலே மஸ்கட்டுகள். இருட்டும்வரை தாக்குப் பிடித்தார்கள். 12 பேர் செத்தார்கள். முதலில் விழுந்தவன் ஹரிகோபால் பால், செல்லப்பெயர் தேக்ரா. பள்ளிக்கூடப் பையன். அந்தக் குன்றில் சண்டையை நடத்திய லோக்நாத் பாலின் சொந்தத் தம்பி.

ஆயுதக் கிடங்குத் தாக்குதலைப் படமாக்க வேண்டும் என்றால் எந்த இயக்குநரும் மாஸ்டர்தாவைத்தான் நடுவில் நிறுத்துவார். பெயின் அப்படிச் செய்யவில்லை. நடுவில் நிற்பவன் ஜுங்கு என்ற பதினாலு வயது சுபோத் ராய். டெல்ஜாத் ஹிவாலே என்ற பையன் நடித்திருக்கிறான். வசதியான வக்கீல் வீட்டுப் பிள்ளை. அப்பாவுக்கு மகனைச் சீமைக்கு அனுப்பிப் படிக்கவைக்க ஆசை. மாவட்ட மாஜிஸ்திரேட் வில்கின்சன் அவனிடம் பிரியமாக இருக்கிறார். பையனும் அவரை நம்புகிறான். இந்த நம்பிக்கை உடைகிற கதைதான் படத்தின் முதல் பாதி.

நம் பக்கத்துச் சுதந்திரப் போராட்டப் படங்களில் நாயகன் முதல் காட்சியிலேயே முடிவு செய்துவிட்டவனாக வருவான். வெள்ளைக்காரன் கெட்டவன், நாம் நல்லவர்கள், அடி. இந்தப் பையனுக்கு அப்படி எதுவும் எளிதாக வரவில்லை. பயப்படுகிறான். கூட்டாளிகள் தன்னைப் பயந்தாங்கொள்ளி என்று நினைப்பார்களோ என்றும் பயப்படுகிறான். இரண்டு பயத்தில் எது பெரிது என்று அவனுக்கே தெரியவில்லை. மனோஜ் பாஜ்பாய் அந்தப் பையனிடம் குரலை உயர்த்துவதே இல்லை. கணக்குத் தவறாகப் போட்டவனைப் பார்க்கிற வாத்தியாரைப் போல அமைதியாகப் பார்க்கிறார். அந்தப் பார்வையில் உரிமையும் இருக்கிறது, ஒரு குற்ற உணர்ச்சியும் இருக்கிறது. பிள்ளைகளைச் சாவுக்கு அழைத்துப் போகிறோம் என்று தெரிந்த ஆளின் முகம் அது.

குறைகளும் உண்டு. வங்காளத்துக் கிராமத்துப் பையன்கள் சுத்தமான இந்தியில் பேசுவது காதுக்கு ஒட்டவில்லை. கொடுமைக்கார போலீஸ் அதிகாரி பாத்திரத்தில் கொடுமையைத் தவிர ஒன்றும் இல்லை. மாஜிஸ்திரேட்டுக்குக் கொடுத்த மனித முகத்தில் கொஞ்சம் அவருக்கும் கொடுத்திருக்கலாம். மாஸ்டர்தாவின் படையில் இருந்த பிரீதிலதாவுக்கு இன்னும் நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும். கல்கத்தா பெத்யூன் கல்லூரியில் படித்துவிட்டு வந்து சிட்டகாங்கில் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தவர். 1932 ஜூன் 13ஆம் தேதி தல்காட் கிராமத்தில் ஒளிந்திருந்த வீட்டைப் பட்டாளம் வளைத்தபோது மாஸ்டர்தாவோடு தப்பித்தார். அங்கே நிர்மல் சென் இறந்தார். அதே செப்டம்பரில் பகார்தலி ஐரோப்பிய கிளப்பைத் தாக்கப் போன குழுவுக்கு அவர்தான் தலைவி. பிடிபடாமல் இருக்க சயனைடு தின்று இறந்தபோது வயது 21. பிரிட்டிஷ் காலத்தில் நிறுத்தி வைத்த அவருடைய பட்டத்தைக் கல்கத்தா பல்கலைக்கழகம் 80 வருடம் கழித்து, இந்தப் படம் வந்த அதே 2012இல்தான் கொடுத்தது.

இந்தப் படத்தை ஒரு ஜனவரி 11 அன்று சென்னிமலைப் பக்கம் ஒரு கிராமத்து நூலகத்தில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினோம். ஜனவரி 11 கொடி காத்த குமரன் இறந்த நாள். குமரன் பிறந்தது சென்னிமலையில். 1932 ஜனவரி 10 அன்று திருப்பூரில் தடியடி வாங்கி, கொடியை விடாமல் விழுந்து, மறுநாள் இறந்தார். வயது 27. சூரிய சென்னைத் தூக்கில் போட்டது 1934 ஜனவரி 12.

வெளியே விசைத்தறிச் சத்தம் ஓயவில்லை. வசனங்களை நான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. ஜலாலாபாத் காட்சி முடிந்ததும் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பையன் எழுந்து கேட்டான்: "சார், இவங்கெல்லாம் எங்களை விடச் சின்னப் பசங்களா இருக்காங்களே. ஊட்ல என்னன்னு சொல்லீட்டு வந்திருப்பாங்க?"

படத்தைப் பற்றி நான் கேட்ட கேள்விகளிலேயே இதுதான் சரியான கேள்வி. படம் முழுக்க இந்தக் கேள்விக்குள்தான் ஓடுகிறது. வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தான் என்பதுதான் ஜுங்குவின் கதை.

கூட வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு வருத்தம். குமரன் நாளில் துப்பாக்கிப் படம் போடலாமா என்று கேட்டார். நியாயமான வருத்தம்தான். அவருக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். குமரன் திருப்பூரில் விழுந்த அன்றைக்கு மாஸ்டர்தா சிட்டகாங் கிராமங்களில் வீடு வீடாக ஒளிந்து திரிந்துகொண்டிருந்தார். ஒருவர் கையில் கொடி, மற்றவர் கையில் துப்பாக்கி. எது சரி என்று பிள்ளைகளே பேசி முடிவு செய்யட்டும். ஆனால் இரண்டும் நடந்தது என்பதை அவர்களுக்கு மறைக்கக் கூடாது. கொங்கு நாட்டிலும் எல்லாமே கத்தியின்றி நடக்கவில்லை. 1942 ஆகஸ்டில் சிங்காநல்லூர்ப் பக்கம் ரயில் கவிழ்க்கப்பட்டது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு சூலூர் விமான தளம் எரிந்தது. 1946 ஜனவரி 8 அன்று சின்னியம்பாளையத்து மில் தொழிலாளர்கள் நாலு பேர், ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன், கோவைச் சிறையில் ஒன்றாகத் தூக்கிலிடப்பட்டார்கள். வ.உ.சி. செக்கிழுத்த அதே சிறை. மூன்றுமே இளவட்டங்களின் கதை. ஒன்றைக்கூட நாம் இன்னும் சரியாகப் படமாக்கவில்லை. சூலூர் பக்கத்தில் பிறந்த பிள்ளைகளுக்கே விமான தளம் என்றால் ஏர்போர்ஸ் ஞாபகம்தான் வருகிறது.

'சிட்டகாங்' மற்ற புரட்சிப் படங்களிலிருந்து விலகி நிற்பது கடைசிப் பகுதியில். தூக்குமேடையோடு முடித்திருந்தால் கண்ணீரோடு எழுந்து வந்திருப்போம். படம் அங்கே நிற்காமல் பையனோடு அந்தமானுக்குப் போகிறது. உண்மையிலும் சுபோத் ராய் 1934இல் அந்தமான் செல்லுலார் சிறைக்கு அனுப்பப்பட்டு, 1940இல்தான் விடுதலையானார். அந்தச் சிறையில் அரசியல் கைதிகள் உண்ணாவிரதம் இருந்து புத்தகம் படிக்கும் உரிமையை வாங்கினார்கள். ராத்திரி பகலாகப் படித்தார்கள், விவாதித்தார்கள். ஐம்பது அறுபது பேர் துப்பாக்கியோடு போய் நாட்டை விடுவிக்க முடியாது, உழுகிறவனும் ஆலையில் நிற்கிறவனும் கூட வந்தால்தான் முடியும் என்ற முடிவுக்கு அங்கே நிறையப் பேர் வந்தார்கள். சுபோத் ராயும் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். கணேஷ் கோஷும் சேர்ந்தார். பிற்காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார்.

படத்தில் வளர்ந்த ஜுங்கு தேபாகா விவசாயிகளோடு நிற்கிறான். தேபாகா என்றால் வங்காளத்தில் வாரத்துக்கு உழுதவர்கள் நடத்திய போராட்டம். வாரம் என்றால் நம் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விதை போட்டு, உழுது, அறுத்துக் கொடுத்துவிட்டு நிலக்காரருக்குப் பாதி அளந்தார்கள். நிலக்காரருக்கு மூன்றில் ஒரு பங்குதான், எங்களுக்கு இரண்டு பங்கு என்று 1946, 47இல் கிளம்பினார்கள். அறுத்த கதிரை நிலக்காரர் களத்துக்குத் தூக்கிப் போகாமல் தங்கள் களத்தில் கொண்டுவந்து அடித்தார்கள். போராட்டமே அதுதான். களம் யாருடையது என்பதில் என்ன இருக்கிறது என்று பட்டணத்தில் இருப்பவர்கள் கேட்கலாம். யார் களத்தில் நெல் கிடக்கிறதோ அவர்தான் அளந்து கொடுப்பார். நூலகத்தில் அந்தக் காட்சிக்குப் பிள்ளைகள் சும்மா இருந்தார்கள். ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான் "அதுதானே" என்றார்.

இந்தப் பகுதி அவசர அவசரமாக ஓடுகிறது, உண்மைதான். இன்னும் அரை மணி நேரம் கொடுத்திருக்கலாம். ஆனாலும் குன்றின்மேல் குண்டுக்குத் தப்பிய பையன் அதற்கப்புறம் என்ன செய்தான் என்று கேட்கத் தோன்றிய ஒரு இயக்குநர் இருந்தாரே, அதற்காகவே நான் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுகிறேன். செத்தவர்களுக்கு நம்மிடம் சிலை இருக்கிறது, தேதி இருக்கிறது, மாலை இருக்கிறது. பிழைத்து வந்தவர்களை யாரும் கேட்பதில்லை. பெயின் சுபோத் ராயின் கடைசிக் காலத்தில் அவரை நேரில் பார்த்துப் பேசியிருக்கிறார். 2006இல் தொண்ணூறு வயதில் அவர் இறந்தார். பதினாலு வயதில் நடந்ததைச் சொல்ல ஆள் இருந்தார், கேட்கவும் ஒருவர் வந்தார்.

என் அப்புச்சிக்கு ஊர் சூலூர்ப் பக்கம். விமான தளம் எரிந்தபோது அவருக்குப் பதினொரு வயது. அன்று ராத்திரி வானம் செக்கச்செவேலென்று இருந்ததையும், மறுநாளிலிருந்து போலீஸ் லாரி ஊர் ஊராக வந்ததையும் சொல்வார். ஆம்பளைகள் யாரும் வீட்டில் படுக்க முடியாது. கிணற்றுப் பாசனத்தில் ஆளுயரம் நின்ற சோளக்காட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்வார்கள். மாடு மேய்க்கிற பையனை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று, தூக்குப்போசியில் கம்மஞ்சோறு கொடுத்து அவரை அனுப்புவார்களாம். காட்டு வரப்பில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். இத்தனையும் சொல்வார். யாருக்குக் கொண்டுபோனீர்கள் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். கடைசியாக நான் கேட்டபோது அவருக்கு எண்பது தாண்டியிருந்தது.

"பேரச் சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க கண்ணு" என்றார்.